மூன்றாவது பிளக்

எங்கள் தோட்டத்து லொறி நொண்டுகிறதா, ஒழுங்காக ஓடுகிறதா என்பதை என் அக்கா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தபடியே சொல்லிவிடுவாள். முதுகில் கூடை, கை செடியில், காது மட்டும் கீழே, பணிய ரோட்டில். சாயங்காலம் நான் லயத்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "இன்னைக்கு மூணு காலுலதானே வந்துச்சு ஒன் குதிரை?"

நாலு சிலிண்டர் பெட்ரோல் லொறி அது. அதில் ஒன்று செத்துப்போனால் மற்ற மூன்றும் அதைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே எனக்குக் கோபம் வரும். ஓட்டுகிறவன் நான், கண்டுபிடிக்கிறவள் அவளா?

"அம்புட்டு ஒசரத்துல இருந்து ஒனக்கு எப்படிக் கேக்குது?" என்று ஒருநாள் கத்தினேன்.

"புள்ள இருமினா தாய்க்குத் தெரியாதா?" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து என்னை வளர்த்தவள் அவள்தான். மச்சானைக் கட்டிக்கொண்டு போனபோதும் சீர்ப்பெட்டி மாதிரி என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். மச்சான் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குமே ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லாத மனிதர் அவர்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். லொறி எனக்கு முன்னால் இரண்டு டிரைவர்களைப் பார்த்த கிழம். மூன்றாவது சிலிண்டரில் தேய்மானம் அதிகம். அதனால், பெட்ரோலுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக்குகளில் மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் மூன்றாவது மட்டும் சீக்கிரம் கரி பிடித்துவிடும். அது எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கண்ணில் படாத காலம். மாவுக்கும் சீனிக்கும் நிற்க வரிசையாவது இருந்தது, பிளக்குக்கு நிற்க வரிசைகூட இல்லை. ஒரே பிளக்கைத் தேய்த்துத் தேய்த்து, பல் போன கிழவனுக்குப் பல் விளக்கிவிடுகிற மாதிரி வைத்திருந்தேன்.

செத்த பிளக்கைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. என்ஜினை ஓடவிட்டு, மரக்கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவில் வைத்துத் தொட வேண்டும். நல்ல பிளக்காக இருந்தால் நெருப்பு அங்கேயே இறங்கிவிடும். ஒரு சிலிண்டர் போய், என்ஜின் தடுமாறும். செத்த பிளக்கைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. நீ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அது பாட்டுக்கு ஓடும். அந்தப் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். காவி நிறமாக இருந்தால் சுகம். ஈரமாக மினுங்கினால் உள்ளே என்ஜின் ஒயில் ஏறுகிறது. அடுப்புக்கு மேலே உள்ள கூரைத் தகரம் மாதிரி காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. காய்ந்த கரிக்குப் புதுப் பிளக் வேண்டியதில்லை. துடைத்து, சுரண்டி, மாட்டினால் போதும்.

அந்தக் காலத்தில் எங்கள் லொறிக்குக் கொழுந்தும் உரமும் ஏற்றுவதோடு இன்னொரு வேலையும் இருந்தது. "ஊருக்குப் போறவங்க" என்று நாங்கள் சொல்லுவோம். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டு, பாஸ்போட் வந்து, விசா முடிவதற்குள் கப்பலேற வேண்டிய குடும்பங்கள். அவர்களையும் அவர்களுடைய தகரப்பெட்டிகளையும் தலவாக்கலை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அங்கிருந்து ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, பிறகு மன்னார்ப் பக்கம் கப்பல். எத்தனை குடும்பங்களை இறக்கிவிட்டேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன்.

இந்தப் பயணத்துக்கென்று எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்து எல்லையில், சந்தி மரத்தடியில் முனியாண்டி கோயில். போகிறவர்கள் அங்கே இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு, பிறகு இங்கேயே தங்குகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அவ்வளவு நேரமும் லொறி என்ஜினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போகிறவர்களின் வழி அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். முதல் முறை போனபோது பழைய டிரைவர் கோயில் முன்னால் என்ஜினை நிறுத்தினாராம். திரும்ப அது பிடிக்கவே இல்லையாம். ஆட்கள் பெட்டியோடு நடந்துபோய்க் கோச்சியை விட்டுவிட்டார்களாம். என்னைக் கேட்டால் அது சாமி குற்றமில்லை, பேட்டரி குற்றம். ஆனால் டிரைவர் பேச்சு கோயில் வாசலில் எடுபடுமா?

எங்கள் பக்கத்துக் காலைக் குளிரில் என்ஜின் சும்மா நின்று ஓட வேண்டுமானால் சோக் குமிழைப் பாதி இழுத்துவைக்க வேண்டும். அது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். அரைமணி, முக்கால்மணி நேரம் அப்படி நின்று உறுமினால் பிளக்குக்குக் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு குடும்பமும் அழுது முடிப்பதற்குள் மூன்றாவது பிளக் செத்துவிடும். இது தெரிந்துதான், ஸ்டேஷனுக்குப் போவதற்கு முதல்நாள் சாயங்காலம் நான் அதைக் கழற்றி நன்றாகச் சுத்தம் செய்து மாட்டுவேன். ஒரு குடும்பத்தையும் நான் கோச்சியை விடவைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்காவுக்கும் மச்சானுக்கும் பாஸ்போட் வந்தது. மனுப் போட்ட காலத்தில் மச்சான் இந்தியாவுக்குப் போட்டார். நான் இலங்கைக்குப் போட்டேன். அப்போதுதான் எனக்கு லைசென்ஸ் கிடைத்து, தோட்டத்து லொறியைக் கையில் கொடுத்திருந்தார்கள். "நீயும் எங்களோடயே போடு தம்பி" என்று அக்கா சொன்னாள். "அங்க வந்து மாடு மேய்க்கவா?" என்று கேட்டேன். ஒரு கிழட்டு லொறிக்காக நாட்டைத் தேர்ந்தெடுத்தவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

அவர்கள் போகிற வாரத்தில் நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போனபோது, ஒரு கடைக்காரர் எங்கோ பதுக்கிவைத்திருந்த புதுப் பிளக் ஒன்று கிடைத்தது. மெழுகுத் தாளில் சுற்றியது. வெள்ளைப் பீங்கான், பால்பல் மாதிரி. அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம் அதை மூன்றாவதில் மாட்டத்தான் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். லொறியின் மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடிவிட்டு லயத்துக்குப் போய்விட்டேன். பழையதைத் துடைக்கவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று பின்னால் பலரிடம் சொன்னேன். பொத்தான் மாட்டிய பையில் இருப்பதை எவன் மறப்பான்?

விடிந்ததும் நாலு குடும்பங்கள் ஏறின. அக்காவும் மச்சானும் முன்னால், என் பக்கத்தில். புதுச் சேலையில் அவள் யாரோ போல இருந்தாள். முனியாண்டி கோயிலில் அன்றைக்கு முக்கால்மணி நேரம். நான் இறங்கவில்லை. சோக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கரும்புகை வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். குமிழை உள்ளே தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை.

லிந்துலையைத் தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஏற்றத்தில் நின்றுவிடுகிற மாதிரி. ஓரத்தில் நிறுத்தினேன். மச்சான் இறங்கிவந்து, "என்னா மாப்பிள்ள?" என்றார்.

"பாக்கணும் மச்சான்."

அன்று நான் பார்த்த மாதிரி எந்த டிரைவரும் என்ஜின் பார்த்திருக்க மாட்டான். ஒன்றாவது பிளக்கைத் தொட்டேன், என்ஜின் தடுமாறியது. இரண்டாவதைத் தொட்டேன், தடுமாறியது. மூன்றாவதைத் தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் நாலாவதையும் தொட்டேன். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். என்ஜினை நிறுத்தி, பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் துடைத்தேன். மச்சானை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். பாவம், அவர் தோளில் தொங்கிய பாஸ்போட் பையோடு சுற்று சுற்றென்று சுற்றினார். நுவரெலியாப் பக்கமிருந்து வந்த பஸ் எங்களைக் கடந்து போனது. அதில் ஒரு காலை வைக்கவும் இடமில்லை. பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெரியவர், "கோச்சிக்கு நேரமாச்சுங்களே தம்பி" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு ஆளேற்றுகிற அடுத்த கோச்சி அடுத்த வாரம். இதை விட்டால் அக்கா ஒரு வாரம் என்னோடு இருப்பாள். அவ்வளவுதான் என் கணக்கு. விசா முடிய நாலு நாள்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். விசா முடிந்தவர்களைப் பொலிஸ் ஜீப் வந்து லயத்துக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டிகூட எடுக்க விடமாட்டார்கள். அதெல்லாம் தெரிந்துதான் டிஸ்டிரிபியூட்டர் மூடியை இரண்டாம் தடவை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இறங்கி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"மூணாவதுடா" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா கழட்டு."

துணியைச் சுற்றிக் கழற்றினேன். காய்ந்த கரி. எங்கள் இருவருக்கும் அது என்ன என்று தெரியும். நான் பிளக் துடைப்பதை அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

"வேற பிளக் இல்ல" என்றேன். சொல்லும்போதே பையில் அது நெஞ்சில் குத்தியது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தாள், கோயிலில் கற்பூரம் கொளுத்திய அதே பெட்டி. என் கையிலிருந்த பிளக்கைத் துணியோடு வாங்கிக்கொண்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, பெட்டியின் மருந்துப் பக்கத்தால் நுனியைத் தேய்க்க ஆரம்பித்தாள். விரலெல்லாம் கரியானது.

"நேத்தே நொண்டிச்சு" என்றாள், தலை நிமிராமல். "கடேசி நாள்னு மலைக்குப் போயிருந்தேன்ல. கேட்டுச்சு. சாயங்காலம் நீ பாத்துருவேன்னு நெனச்சேன்."

"மறந்துட்டேன் அக்கா."

"அப்படியா."

அவள் திட்டியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம். அந்த "அப்படியா"வை எதிர்த்துக் கத்த முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னேன்:

"ஒரு வாரம்தானே அக்கா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஒரு வாரம் கழிச்சு எங்கள ஜீப்புல ஏத்தும்போது நீ பாத்துக்கிட்டு நிப்பியா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பிளக்கை ஊதினாள். "இந்தா. மாட்டு."

மாட்டினேன். மச்சான் இரண்டு சுற்றுச் சுற்றினார், பிடித்துவிட்டது. தலவாக்கலைக்கு நாலு சிலிண்டரிலும் போனோம். 

நாங்களும் கோச்சியும் ஸ்டேஷனுக்கு ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பெட்டிகளை ஜன்னல் வழியாகத் தள்ள வேண்டியிருந்தது. பெரியவரைத் தூக்கித்தான் ஏற்றினேன். பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி, யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. மச்சான் என் கையைப் பிடித்து, "வரட்டுமா மாப்பிள்ள" என்றார். அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பவும் இறங்கிவந்தாள். என் சின்ன வயதில், விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் செய்வது போல என் நெஞ்சில் கையை வைத்துத் தட்டினாள். கை பையில் பட்டது. நின்றது.

பொத்தானைக் கழற்றினாள். உள்ளே இருந்ததை எடுத்து மெழுகுத் தாளைப் பிரித்தாள். வெள்ளைப் பிளக், ஒரு கீறல் இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பத் தாளைச் சுற்றி, பையில் வைத்து, பொத்தானை மாட்டினாள்.

"வளைவுல பாத்துப் பையப் பைய போடா" என்றாள். ஏறிவிட்டாள்.

கோச்சி போகும்போது எல்லோரும் அதன்பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை, அழவுமில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அழுகையை வெட்கம் முந்திக்கொண்டது. திரும்பி வரும்போது பார்த்தேன், சட்டைப் பையில் அவளுடைய ஐந்து விரல்களின் கரியும் பதிந்திருந்தது.

அன்று சாயங்காலம் லயத்துக்கு வந்து சட்டையை மெதுவாகக் கழற்றினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராவில், அக்காவும் மச்சானும் இருந்த அறையில், அவர்களுடைய அடுப்பில் அதற்குள் யாரோ புதுக் குடும்பம் சோறு வடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கஞ்சி வாசனைக்குக் கதவைச் சாத்திவிட்டேன். அரிசி போட்டு உலை வைக்க எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பதுதான் தெரியவில்லை. மூன்று நாள் மீந்ததை மாட்டுக்குப் போட்டேன்.

அதன்பிறகு ஏழு மாதம் கடிதம் வரவில்லை. அந்த ஏழு மாதமும் லொறி மூன்று காலில்தான் நொண்டியது. ஒவ்வொரு காலையும் மூன்றாவதைக் கழற்றி நெருப்புப்பெட்டியால் தேய்ப்பேன், மத்தியானத்துக்குள் திரும்பச் சாகும். "என்ன இது, சத்தமே சரியில்லை?" என்று தோட்டத்துத் துரை கேட்டார். "பிளக் கெடைக்கலைங்க துரை" என்றேன். புதுப் பிளக் என் தலைமாட்டில் இருந்த தகரப் பேணிக்குள் கிடந்தது. அதை மாட்ட எனக்குக் கை வரவில்லை. மாட்டினால், அன்றைக்கே மாட்டியிருக்கலாமே என்று அது கேட்கும்போல இருந்தது. லொறி நொண்டுவதைக் கேட்டு மேலிருந்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பும் இருந்தது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற செத்த பிளக் மாதிரி நானும் தோட்டத்தில் இருந்தேன்.

கடிதம் வந்தது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து. அக்காவுக்கு எழுத்து அவ்வளவு வராது. பெரிய பெரிய எழுத்தாக அவளே எழுதியிருந்தாள். மண்டபம் முகாமில் ரொம்ப நாள் போட்டுவிட்டார்கள், இப்போது இங்கே, இங்கேயும் கொழுந்துதான், குளிரும் அதே குளிர்தான், மச்சானுக்கு இருமல் என்று எழுதியிருந்தாள். "இங்க லொறி எல்லாம் டீசல். எல்லாம் ஒரே சத்தம். எது யாரு ஓட்டுறதுன்னு ஒண்ணும் தெரியல" என்று ஒரு வரி. கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியிருந்தாள்:

"பையில இருந்த பிளக்க மாட்டிட்டியா?"

தபாலைக் கொடுத்த ஆள் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு லொறி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஏழு மாதத்து அழுகை அது. மூக்கைச் சிந்திவிட்டுக் காம்பராவுக்குப் போய்ப் பேணியைத் திறந்தேன்.

மூன்றாவதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். ஒரே சுற்றில் பிடித்தது. நாலும் சீராக ஓடியது, எனக்கு முன்னிருந்த டிரைவர்கள்கூட அந்த லொறியில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமலே, அக்கா கொழுந்தெடுத்த மேல்மலைக்குக் கீழே உள்ள ரோட்டில் ஓட்டிப்போனேன். வளைவில் பார்த்து மெதுவாகத்தான் போனேன். மேலே வரிசையாக நின்று கொழுந்தெடுத்தவர்களில் ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.